எழுத்தாளர் பள்ளிக்கு வருகிறார்: அந்த ஒரு நாளில் எது நடக்கும், எது நடக்காது

சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் வெளியாள் ஒருவர் மாணவிகளிடம் முற்பிறவிப் பாவம், மறுபிறவி என்று பேசிய காணொளி 2024 செப்டம்பரில் பரவியது நினைவிருக்கும். எதிர்த்துக் கேட்ட ஆசிரியரோடு வாக்குவாதம், பேச்சாளர் கைது, தலைமையாசிரியர் இடமாற்றம், பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் புதிய நெறிமுறைகள் வகுக்கச் சொல்லி முதல்வர் உத்தரவு என்று அடுத்தடுத்து நடந்தது. அந்தப் பேச்சுக்கு வந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் அதன் பக்கவிளைவாக, "வெளியாட்களே வேண்டாம், நமக்கெதற்கு வம்பு" என்ற தயக்கமும் பள்ளிகளில் வந்து உட்கார்ந்துகொண்டது. சிறார் எழுத்தாளர் ஒருவரை அழைத்துப் பிள்ளைகளோடு பேச வைக்கலாம் என்று ஒரு தமிழாசிரியர் கேட்டால்கூட, யாரிடம் அனுமதி வாங்குவது, வந்து என்ன பேசுவார், அதனால் என்ன பயன் என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன.

கேள்விகள் சரியானவைதான். பதில்கள்தான் குழம்பிக் கிடக்கின்றன. தன்னம்பிக்கைப் பேச்சாளரும் கதை எழுதுகிறவரும் ஒரே மேடை, ஒரே மைக், ஒரே சால்வை என்று வரும்போது பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. அதனால் அடிப்படையிலிருந்து போவோம்.

## எழுத்தாளர் வருகை என்றால் என்ன

பள்ளிகளில் இந்தப் பெயரில் நடப்பது ஒன்றல்ல, நான்கு வெவ்வேறு வேலைகள். இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பிரச்சினை.

1. உரை. முழுப் பள்ளியும் உட்கார்ந்திருக்கும், ஒருவர் பேசுவார். ஆண்டுவிழா, இலக்கிய மன்றத் தொடக்கம், நூலக வார விழா என்று பெரும்பாலும் நடப்பது இதுதான்.

2. கதைசொல்லல். குரல், உடல், பாட்டு எல்லாவற்றையும் பயன்படுத்திக் கதையை நிகழ்த்திக் காட்டுவது. சிறு வகுப்புகளுக்கு அருமையாகப் பொருந்தும். நாடகமும் இதன் பக்கத்து வீடுதான். புதுச்சேரியைச் சேர்ந்த வேலு சரவணன் தன் குழந்தைகள் நாடகங்களோடு பள்ளி பள்ளியாகப் போய்ப் பெயர் பெற்றவர். 2017-இல் சிறார் இலக்கியத்துக்காகச் சாகித்ய அகாதெமி கொடுக்கிற பால சாகித்ய புரஸ்கார் விருதும் அவருக்குக் கிடைத்தது.

3. வாசகர் சந்திப்பு. பிள்ளைகள் ஒரு புத்தகத்தை ஏற்கெனவே படித்திருப்பார்கள், எழுதியவர் வருவார், பிள்ளைகள் கேட்பார்கள். இங்கே அதிகம் பேச வேண்டியது பிள்ளைகள்.

4. படைப்புப் பட்டறை. முப்பது, நாற்பது பிள்ளைகள், இரண்டு மூன்று மணி நேரம், கையில் தாளும் பென்சிலும். எழுத்தாளர் எழுதக் கற்றுக்கொடுக்கிறார் என்பதைவிட, அவர் முன்னால் பிள்ளைகள் எழுதிப் பார்க்கிறார்கள் என்று சொல்லலாம்.

வாசிப்பையும் எழுத்தையும் தூண்ட வேண்டும் என்பது நோக்கமானால் மூன்றும் நான்கும்தான் கை கொடுக்கும். இரண்டாவது அதற்கு வாசலைத் திறந்துவிடும். முதலாவது, பேச்சாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கைதட்டலோடு முடிந்துபோகிற சாத்தியம்தான் அதிகம்.

## யார் இந்தச் சிறார் எழுத்தாளர்கள்

தமிழில் இந்த மரபு நேற்று முளைத்ததல்ல. புதுக்கோட்டை மாவட்டம் ராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டெழுதியவர். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்க முன்னின்றவர். பின்னாளில் 'கோகுலம்' இதழின் ஆசிரியராகவும் இருந்தார். எழுதுகிறவர்கள் தனித்தனியாக இல்லாமல் ஓர் அமைப்பாக நிற்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது. அதே எண்ணத்தில் 2021-இல் தமிழ்நாடு சிறார் எழுத்தாளர்கள் கலைஞர்கள் சங்கம் தொடங்கப்பட்டது.

சாகித்ய அகாதெமி 2010-இலிருந்து சிறார் இலக்கியத்துக்குத் தனியாக இந்த பால சாகித்ய புரஸ்கார் விருதைக் கொடுக்கிறது. தமிழில் இரா. நடராசன், யெஸ். பாலபாரதி, மு. முருகேஷ், உதயசங்கர், யூமா வாசுகி, விஷ்ணுபுரம் சரவணன் என்று வாங்கியவர்கள் பலர் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறவர்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறார் இதழான 'துளிர்' 1987-இலிருந்து வருகிறது. பள்ளிக் கல்வித் துறையே 4, 5 வகுப்புகளுக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9 வரை 'தேன்சிட்டு' என்று இதழ்கள் நடத்த ஆரம்பித்து, வாசிப்பு இயக்கம் என்ற பெயரில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலைகளில் குட்டிக் குட்டிப் புத்தகங்களையும் பள்ளிகளுக்குக் கொடுத்தது. இந்த நான்கு படிநிலைகளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக, அழைப்பதற்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்களாகவோ வேறு முழுநேர வேலையிலோ இருக்கிறவர்கள், வார நாளில் வர வேண்டுமென்றால் விடுப்பு எடுத்துத்தான் வர வேண்டும். இதையும் நினைவில் வைப்போம்.

## நேரில் பார்ப்பதால் என்ன மாறுகிறது

நம் பாடநூல்களில் 'நூல்வெளி' என்று ஒரு பெட்டி வரும். பிறந்த ஊர், இயற்றிய நூல்கள், பெற்ற விருதுகள். தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற பகுதி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு எழுத்தாளர் என்றால் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறவர், அநேகமாகக் காலமாகிவிட்டவர். கதை என்பது எங்கிருந்தோ முழுசாக வந்து இறங்கிய ஒன்று. அதைத் தன்னை மாதிரி ஒருத்தர் உட்கார்ந்து எழுதினார், அடித்தார், திருத்தினார் என்பது பிள்ளைக்குத் தோன்றுவதேயில்லை. தோன்ற நாம் வாய்ப்புக் கொடுத்ததும் இல்லை.

எழுதியவர் எதிரில் வந்து நிற்கும்போது இரண்டு விஷயங்கள் உடைகின்றன.

முதலாவது, புத்தகத்தைக் கேள்வி கேட்கலாம் என்று தெரிகிறது. பாடநூலில் கேள்வியைக் கேட்பது புத்தகம், பதில் சொல்ல வேண்டியது பிள்ளை. இங்கே அது தலைகீழாகிறது. "ஏன் அந்த ஆட்டுக்குட்டியைச் சாகடிச்சீங்க?" என்று எழுதியவரிடமே கேட்கலாம், அவரும் பதில் சொல்லியாக வேண்டும். "எனக்கு முடிவு பிடிக்கல" என்று சொன்னால் மதிப்பெண் குறையாது. ஒரு பிள்ளை வாசகராக மாறுகிற இடம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். பிடித்தது, பிடிக்கவில்லை, ஏன் என்று சொல்லத் தெரிவது.

இரண்டாவது, எழுத்து என்பது வேலை என்று தெரிகிறது. எழுத்தாளர் தன் முதல் பிரதியைக் கொண்டுவந்து காட்டினால், நான்கு பக்கம் அடித்துத் தள்ளியிருப்பதைப் பார்த்தால், தன் நோட்டில் ஒரு வரி அடித்ததற்குத் திட்டு வாங்குகிற பிள்ளைக்கு அது பெரிய செய்தி. ஓவியர் கூட வந்தால் இன்னும் நல்லது. படம் முதலிலா கதை முதலிலா, ஒரு பக்கத்துக்கு எத்தனை மாதிரி வரைவீர்கள் என்று கேள்விகள் தாமாகவே வரும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஆனால் அது எப்போதும் நடக்காது. வந்தவர் நம் ஊர்ப் பக்கம், நம் பேச்சு, நம்மைப் போலவே அரசுப் பள்ளியில் படித்தவர் என்று தெரியும்போது ஒரு சில பிள்ளைகளுக்கு, குறிப்பாக வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைகளுக்கு, 'நாமும் எழுதலாம்போல' என்று ஒரு பொறி விழும். அதனால்தான் சென்னையிலிருந்து பிரபலமானவர்தான் வர வேண்டும் என்று காத்திருக்காமல், மாவட்டத்துக்குள் யார் இருக்கிறார் என்று முதலில் பார்ப்பது நல்லது.

## ஆய்வுகள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது

பிரிட்டனில் தேசிய எழுத்தறிவு அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்துகிற கணக்கெடுப்புகளில், எழுத்தாளர் வருகை கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிட வாசிப்பையும் எழுத்தையும் அதிகம் விரும்புவதாகவும், அதில் அதிகத் தன்னம்பிக்கையோடு இருப்பதாகவும் தெரியவந்திருக்கிறது. இதைச் சொல்லி 'எழுத்தாளரைக் கூப்பிட்டால் வாசிப்பு கூடும்' என்று முடிவுகட்ட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு சுலபமில்லை.

எழுத்தாளரை அழைக்கிற பள்ளி எப்படிப்பட்ட பள்ளி என்று யோசியுங்கள். அங்கே நல்ல நூலகம் இருக்கும், வாசிப்பில் அக்கறையுள்ள ஆசிரியர் ஒருவராவது இருப்பார், செலவழிக்கக் கொஞ்சம் பணமும் இருக்கும். பிள்ளைகள் வாசிப்பை விரும்புவதற்கு அவையும் காரணமாக இருக்கலாம் அல்லவா? ஒன்றோடொன்று சேர்ந்து வருவது வேறு, ஒன்றால் இன்னொன்று விளைவது வேறு. அதனால் இந்தக் கணக்கெடுப்பிலிருந்து நாம் தைரியமாக எடுத்துக்கொள்ளக்கூடியது இவ்வளவுதான்: புத்தகமும், புத்தகத்தைப் பற்றிப் பேசுகிற ஆசிரியரும் இருக்கிற இடத்தில் எழுத்தாளர் வருகை நன்றாகப் பொருந்துகிறது. அவை இல்லாத இடத்தில் அந்த ஒரு நாள் தனியாக அதிசயம் செய்யும் என்பதற்கு அது சான்று இல்லை.

## எங்கே சறுக்குகிறது

வழக்கமாக நடப்பதை அப்படியே எழுதுகிறேன். நவம்பர் 14 குழந்தைகள் தினம், அன்றிலிருந்து 20 வரை தேசிய நூலக வார விழா. எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்தாளர் தேவைப்படுகிற வாரம் அது ஒன்றுதான். அதுவும் முந்தின வாரம்தான் போன் வரும். எழுத்தாளர் வந்து சேர்வார். அறுநூறு பிள்ளைகள் மைதானத்தில், பாதிப் பேர் வெயிலில். வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, தலைமையுரை, வட்டார அளவில் பரிசு வாங்கியவர்களுக்குச் சான்றிதழ். இதெல்லாம் முடிந்து எழுத்தாளர் கையில் மைக் வரும்போது மதிய உணவுக்கு இருபது நிமிடம் இருக்கும். பிள்ளைகளில் ஒருவர்கூட அவர் புத்தகத்தைப் பார்த்ததில்லை. அவர் என்னதான் செய்வார்? 'வாசிப்பு முக்கியம், செல்போனைக் குறையுங்கள்' என்று அறிவுரை சொல்வார். கதை எழுதுகிறவரை வரவழைத்து, அறிவுரை சொல்கிறவராக ஆக்கி அனுப்பிவிடுகிறோம்.

இதில் யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது, எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். குறை ஏற்பாட்டில் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால்:

1. எண்ணிக்கை. அறுநூறு பேரோடு உரையாட முடியாது. ஒரு வகுப்போடு முடியும். 'எல்லாப் பிள்ளைகளும் பார்க்கணும்' என்ற நல்ல எண்ணத்தால் ஒரு பிள்ளையும் பேசாமல் போகிறது.

2. புத்தகம் பீரோவில். பல பள்ளிகளில் நூல்கள் இருக்கின்றன, பூட்டிய பீரோவுக்குள். தொலைந்தால், கிழிந்தால் பொறுப்பாசிரியர் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற பயம். எழுத்தாளரைப் பார்த்து ஆர்வம் வந்த பிள்ளை மறுநாள் புத்தகம் கேட்டால் சாவி இல்லை என்று பதில் வந்தால், அந்த ஆர்வத்துக்கு ஆயுள் ஒரு நாள்தான்.

3. வாசிக்கும் திறனில் உள்ள இடைவெளி. இதைப் பற்றி நாம் பேசவே தயங்குகிறோம். கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் 'ஏசர்' கணக்கெடுப்பின் 2022, 2024 அறிக்கைகள் இரண்டிலும் தமிழகத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களால் இரண்டாம் வகுப்பு அளவிலான பத்தியைச் சரளமாக வாசிக்க முடியவில்லை. கொரோனாக் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததன் தழும்பு இன்னும் ஆறவில்லை. ஆக, எழுத்தாளர் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஏழாம் வகுப்பில் நாவல் வாசிக்கிற பிள்ளையும் இருக்கும், எழுத்துக் கூட்டுகிற பிள்ளையும் இருக்கும். முன்வரிசையில் உட்கார வைக்கப்படுவது யார், பின்னால் தள்ளப்படுவது யார் என்பது நமக்குத் தெரியும்.

4. விற்பனை. இது தனியார் பள்ளிகளில் அதிகம். நிகழ்ச்சி முடிந்ததும் மேசைபோட்டுப் புத்தகம் விற்று, வாங்கியவர்களுக்கு மட்டும் கையெழுத்து. பணம் கொண்டுவராத பிள்ளை ஓரமாக நின்று பார்க்கும். அந்தப் பிள்ளைக்கு அன்று கிடைக்கிற பாடம், புத்தகம் தனக்கானதில்லை என்பதுதான். இதைத் தவிர்த்தே ஆக வேண்டும். பள்ளி மொத்தமாகப் பிரதிகள் வாங்கி நூலகத்தில் வைக்கட்டும், கையெழுத்து வேண்டுமென்றால் எல்லோருக்கும் ஒரு துண்டுத் தாளில் போட்டுக் கொடுக்கட்டும்.

## முன்னும் பின்னும்

எழுத்தாளர் வருகிற அந்த இரண்டு மணி நேரம் பலன் தருமா என்பது பெரும்பாலும் அதற்கு முந்தின ஒரு மாதத்திலும் பிந்தின இரண்டு மாதத்திலும் முடிவாகிறது. செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை.

வருவதற்கு முன். ஒரே ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள், அவர் எழுதிய பத்துப் புத்தகங்களும் வேண்டாம். பத்துப் பிரதி இருந்தாலே ஒரு வகுப்புக்குச் சமாளிக்கலாம். வாரத்தில் இரண்டு பாடவேளை ஆசிரியர் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். சத்தமாக வாசிக்கும்போது எழுத்துக் கூட்டுகிற பிள்ளையும் கதைக்குள் வந்துவிடுகிறது, மற்றவர்களுக்குத் தெரிந்த கதை அதற்கும் தெரிகிறது. கூடவே வாசிப்பு இயக்கத்தின் 'நுழை', 'நட' நிலைப் புத்தகங்களைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிற பிள்ளைகள் கையில் கொடுத்தால், சந்திப்பு நாளில் தான் வாசித்த புத்தகம் என்று சொல்ல அவர்களுக்கும் ஒன்று இருக்கும். அப்புறம் கேள்விகள். ஒவ்வொருவரும் ஒரு கேள்வி எழுதட்டும், ஆசிரியர் அதைத் திருத்தவோ வடிகட்டவோ வேண்டாம். 'உங்களுக்குக் கிடைத்த விருதுகள் யாவை?' என்ற கேள்வி பெரும்பாலும் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததாகத்தான் இருக்கும். 'நீங்க பொய் சொல்வீங்களா?' என்பது பிள்ளையுடையது. கதை எழுதுகிறவரிடம் கேட்கத் தகுந்த கேள்வி இரண்டாவதுதான்.

வரும் நாள். சால்வையும் வரவேற்புரையும் பிரேயர் நேரத்தோடு முடியட்டும். ஒரு நாளில் இரண்டு வகுப்புகள் போதும். பிள்ளைகளை வட்டமாக உட்கார வையுங்கள். வகுப்பாசிரியர் கூடவே இருக்க வேண்டும், விடைத்தாள் திருத்திக்கொண்டு அல்ல, பங்கெடுத்துக்கொண்டு. அவர் எழுதினால் பிள்ளைகளும் எழுதுவார்கள்.

போன பிறகு. அந்த வாரமே பிள்ளைகள் எழுதியவற்றைச் சுவரிதழாக ஒட்டுங்கள். நன்றாக எழுதுகிற ஐந்து பேருடையதை மட்டும் ஒட்டாமல் எல்லாருடையதையும் ஒட்டுங்கள். ஒரு கையெழுத்து இதழ் தொடங்கலாம், மாதம் ஒன்று. 'தேன்சிட்டு', 'துளிர்' போன்ற இதழ்களுக்கு அனுப்பிப் பார்க்கலாம். எழுத்தாளருக்குக் கடிதம் எழுதலாம், அவர் முழு வகுப்புக்கும் சேர்த்து ஒரு பதில் போட்டால் போதும்.

வேல்ஸில் ஒரு பள்ளியில் தொடங்கி பிரிட்டன் முழுக்கப் பரவிய ஒரு முறை இங்கே சொல்லத் தகுந்தது. ஒரு பள்ளி, ஒரு எழுத்தாளரைத் தன் 'வாசிப்புப் புரவலர்' ஆக ஏற்றுக்கொள்ளும். அவர் ஒருமுறை வந்துவிட்டுப் போகிறவர் இல்லை. சில ஆண்டுகள் அதே பள்ளியோடு தொடர்பில் இருப்பார், அவ்வப்போது வருவார், இடையில் எழுதுவார். பத்துப் பள்ளிக்கு ஒவ்வொரு முறை போவதைவிட ஒரு பள்ளிக்குப் பல முறை போவது பலன் தரும் என்ற எளிய கணக்கு. நம் ஊருக்கு இது நன்றாகவே ஒத்துவரும், ஏனென்றால் நம் சிறார் எழுத்தாளர்களில் பலர் ஏதோ ஒரு மாவட்டத்தில் ஏதோ ஒரு பள்ளிக்கு அரை மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறார்கள்.

## பட்டறையில் பிள்ளைகளை எழுத வைப்பது

வாசிக்க வைப்பதுகூடப் பரவாயில்லை. எழுத வைக்கும்போதுதான் பழைய பழக்கங்கள் குறுக்கே வரும். நம் பள்ளியில் 'எழுது' என்றால் கட்டுரை. முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை. 'மழைநீர் சேகரிப்பு' என்று தலைப்புக் கொடுத்தால் நாற்பது பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதுவார்கள், ஏனென்றால் ஒரே மாதிரி எழுதத்தான் பழக்கியிருக்கிறோம்.

அனுபவமுள்ள எழுத்தாளர் பெரிய தலைப்பே கொடுக்க மாட்டார். 'உங்க வீட்டில் தொலைந்துபோன ஒரு பொருள்' என்று ஆரம்பிப்பார். அது எங்கே இருந்தது, கடைசியாக யார் பார்த்தார்கள், யார் திட்டு வாங்கினார்கள்? பதில் சொல்லச் சொல்ல அது கதையாகிவிடும். 'அந்தப் பொருளே பேசினால்?' என்று ஒரு திருப்பம் கொடுத்தால் கற்பனை கிளம்பிவிடும். படம் மட்டும் உள்ள பக்கத்தைக் கொடுத்து வசனம் எழுதச் சொல்வது, தெரிந்த கதைக்கு வேறு முடிவு சொல்வது, ஆளுக்கு ஒரு வரியாகச் சேர்த்து ஒரே கதையை வளர்ப்பது, இவையெல்லாம் பழகிய வழிகள். எழுத வராத பிள்ளை சொல்லட்டும், பக்கத்துப் பிள்ளை எழுதட்டும். சொன்னவரும் ஆசிரியர்தான், பெயர் இரண்டு பேருடையதும் வரும்.

சரி, பேச்சுவழக்கை என்ன செய்வது? பிள்ளை 'அம்மா வஞ்சிச்சு' (திட்டியது) என்றோ 'அவிங்க வந்தாங்க' என்றோ எழுதும். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தால் அந்தக் கதை அங்கேயே செத்துவிடும். கதாபாத்திரம் பேசுகிற இடத்தில் அந்தப் பிள்ளையின் ஊர்த் தமிழ் வருவது குறையே இல்லை, தமிழின் நல்ல கதைகள் பலவும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ல, ள, ழ பிழைகள்? முதல் பிரதியில் தொடாதீர்கள். இரண்டாவது முறை எழுதும்போது, சுவரில் ஒட்டுவதற்காக எழுதும்போது, பிள்ளையே வந்து 'இது எந்த ல, சார்?' என்று கேட்கும். தன் பெயரில் வெளியாகப் போகிற ஒன்றைத் திருத்திக்கொள்வதில் பிள்ளைக்கு வருகிற அக்கறை, தேர்வுத்தாளுக்காக வருவதில்லை.

இன்னொன்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். சுதந்திரமாக எழுதவிட்டால் பிள்ளைகள் சில சமயம் உண்மையை எழுதிவிடுவார்கள். குடித்துவிட்டு வருகிற அப்பா, அடி, யாரோ ஒருவர் தவறாகத் தொட்டது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' போன்ற, பாலியல் தொந்தரவைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி பேசுகிற நூல்களை வாசித்த வகுப்பில் இது நடக்க வாய்ப்பு அதிகம். அதை எல்லார் முன்னாலும் வாசிக்க வைக்கக்கூடாது, சுவரிலும் ஒட்டக்கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தவர்கள் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. வருகிற எழுத்தாளருக்கும் வகுப்பாசிரியருக்கும் இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் என்ன செய்வது என்று விழிக்கக்கூடாது.

## பணம்

எழுத்தாளருக்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியே பல பள்ளிகளில் எழுவதில்லை. 'பிள்ளைகளுக்காகத்தானே' என்று எடுத்துக்கொள்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறார் நூலின் விலை 60 ரூபாய் என்று வையுங்கள். உரிமைத்தொகை 10 சதவீதம் என்றால் ஒரு பிரதிக்கு 6 ரூபாய். இருநூறு பிரதி விற்றால் 1,200 ரூபாய். அதற்கு எழுத்தாளர் எத்தனை மாதம் உழைத்தார் என்பதை விட்டுவிடுவோம். பட்டறைக்கு ஒருநாள் விடுப்பு, போக வரப் பேருந்து, முந்தின இரவே கிளம்ப வேண்டியிருந்தால் தங்கும் செலவு. இதற்கெல்லாம் கிடைப்பது ஒரு சால்வையும் கண்ணாடிச் சட்டமிட்ட நினைவுப் பரிசும் என்றால், வசதியுள்ளவர்கள் மட்டுமே பள்ளிகளுக்கு வர முடியும். மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் பணம் கொடுக்காமல் நிகழ்ச்சி நடத்துகிறோமா?

அரசுப் பள்ளிக்கு நிதி எங்கே? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளியின் அளவைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் வகுக்கப்பட்டிருக்கிறது. அது புத்தகம் வாங்குவதற்கு, ஆளுக்குக் கொடுக்க அல்ல. ஆகவே வரப்போகிற எழுத்தாளரின் பிரதிகளை அதிலிருந்து வாங்க முடியுமா என்று பார்க்கலாம். பயணச் செலவுக்கும் மதிப்பூதியத்துக்கும் பள்ளி மேலாண்மைக் குழு, முன்னாள் மாணவர்கள், உள்ளூர் வாசகர் வட்டம் என்று கேட்டுப் பார்க்க வேண்டியதுதான். மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரே பயணத்தில் மூன்று நாள் ஏற்பாடு செய்தால் செலவு பங்காகிவிடும். கொடுக்க முடிந்த தொகை எவ்வளவு என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள், குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. வந்தபிறகு கவரைத் திணிப்பதைவிட அது கண்ணியமானது.

## அனுமதியும் பாதுகாப்பும்

மறுபடி 2024-க்கு வருவோம். அந்த நிகழ்வில் தவறியது, வெளியாள் வந்தது அல்ல. வந்தவர் யார், எதைப் பற்றிப் பேசப் போகிறார் என்பதை முன்கூட்டியே யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான். எழுத்தாளர் வருகையில் இந்தச் சரிபார்ப்பு சுலபம், ஏனென்றால் அவர் என்ன சொல்வார் என்பதற்கு அச்சிட்ட ஆதாரம் கையில் இருக்கிறது. புத்தகத்தை ஆசிரியர்கள் படித்துவிட்டு அழைக்கிறார்கள். படிக்காமல் அழைத்தால் அது அசட்டை.

பிரிட்டனில் இதற்கு நேரெதிர்த் திசையில் ஒரு தகராறு நடந்தது. 2002-இல் சோஹம் என்ற ஊரில் இரண்டு சிறுமிகளைப் பள்ளிப் பராமரிப்பு ஊழியராக இருந்த ஒருவன் கொன்றான். அதைத் தொடர்ந்து, பிள்ளைகளோடு பழகும் எல்லோரையும் சரிபார்த்துப் பதிவுசெய்யும் திட்டம் வந்தது. பள்ளிகளுக்குப் போகும் எழுத்தாளர்களும் 64 பவுண்டு கட்டிப் பதிய வேண்டும் என்று 2009-இல் தெரிந்ததும், பிலிப் புல்மன் உள்ளிட்ட சிறார் எழுத்தாளர்கள் அதைவிடப் பள்ளிக்குப் போகாமலே இருக்கிறோம் என்றார்கள். அவர்களுடைய வாதம்: நாங்கள் ஒருபோதும் பிள்ளைகளோடு தனியாக இருப்பதில்லை, ஆசிரியர் எப்போதும் கூடவே இருக்கிறார். விதிகள் தளர்த்தப்பட்டன, 2010-இல் வந்த புதிய அரசு திட்டத்தையே நிறுத்திவைத்தது. அந்த வாதத்தில் ஒரு நல்ல விதி ஒளிந்திருக்கிறது. அதையும் சேர்த்து நம் பள்ளிகளுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்:

1. யார் வருகிறார், எந்தப் புத்தகம், எந்த வகுப்பு, எவ்வளவு நேரம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, தலைமையாசிரியர் மூலமாக வட்டார அல்லது மாவட்டக் கல்வி அலுவலருக்குக் கொடுத்து எழுத்துமூலம் அனுமதி பெறுவது. வாய்மொழி அனுமதி போதாது.
2. நிகழ்ச்சி முழுக்க ஆசிரியர் ஒருவர் அறையில் இருப்பது. ஐந்து நிமிடத்துக்குக்கூட வெளியே போகாமல்.
3. எழுத்தாளரும் பிள்ளைகளும் தனிப்பட்ட போன் எண்களைப் பரிமாறிக்கொள்ளாமல் இருப்பது. கடிதப் போக்குவரத்து பள்ளி முகவரி வழியாக மட்டும்.
4. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் இணையத்தில் போடாமல் இருப்பது. இது எழுத்தாளருக்கும் பொருந்தும், பள்ளிக்கும் பொருந்தும்.
5. பிள்ளைகள் எழுதியதை நூலாகத் தொகுத்தால், பெயர் போடுவதற்கும் வெளியிடுவதற்கும் அனுமதி கேட்பது. எழுதியது அவர்களுடையது.

## அடிக்கடி வரும் சில கேள்விகள்

பாடம் முடிக்கவே நேரமில்லை, இதற்கு எப்படி ஒதுக்குவது? மொழிப் பாடத்தில் படைப்பாற்றல் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது, கால அட்டவணையில் நூலகப் பாடவேளையும் இருக்கிறது. அவற்றை அதற்கே பயன்படுத்தினால் போதும். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஜனவரிக்கு மேல் வேண்டாம். ஆறு முதல் எட்டு வரைதான் இதற்கு மிக நல்ல வகுப்புகள்.

எந்த மாதம்? நவம்பரைத் தவிர எந்த மாதமும். உலகப் புத்தக நாளான ஏப்ரல் 23 நம் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வோடும் விடுமுறையோடும் மோதும். ஜூலை, ஆகஸ்ட் நன்றாக இருக்கும். எழுத்தாளரும் அப்போது சுலபமாகக் கிடைப்பார், பின்தொடர்ந்து செய்யவும் மாதங்கள் மிச்சமிருக்கும்.

இணையவழியில் நடத்தலாமா? முதல் சந்திப்புக்கு வேண்டாம். ஒருமுறை நேரில் வந்தவர் பிறகு இரண்டு மாதம் கழித்துத் திரையில் வந்து, பிள்ளைகள் எழுதியதைப் பற்றிப் பேசினால் அது பயனுள்ளது.

ஆங்கில வழிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தாளர் எதற்கு? அவர்களுக்குத்தான் முதலில். வீட்டில் தமிழில் பேசி, பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதி, இரண்டிலும் கதை எழுதாமலே வளர்கிற பிள்ளைகள் அவர்கள். பட்டறையில் இரண்டு மொழியும் கலந்து எழுதட்டும், முதல் நாளில் தடுக்காதீர்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்? பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: பள்ளி நூலகத்தின் புத்தகங்களைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துவர முடிகிறதா, இல்லையென்றால் ஏன். அதற்குப் பதில் கிடைத்த பிறகு, எந்த எழுத்தாளரை அழைக்கலாம் என்று பேசலாம்.